மணல்மேட்டுக்கு இருபத்தொரு காசு

அஞ்சனாறு கடலிலிருந்து மலையைப் பார்த்து ஓடத் தொடங்கிய செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள், மணல்மேட்டு மருதாயி காசுவீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

மணல்மேடு என்பது தட்டாந்துறை ஊர் முடிகிற இடத்துக்கும் கிழக்கே, ஆறு முழங்கையை மடக்கினாற்போல் வளைகிற வளைவில் கிடந்த நாலு ஏக்கர் திட்டு. அங்கே நாற்பது குடும்பம். எல்லாரும் மண் சலிக்கிறவர்கள். ஆற்றுமணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீர் விட்டு, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டி ஆட்டி, மண்ணெல்லாம் வழிந்துபோன பிறகு அடியில் தங்குகிற குந்துமணி அளவு தங்கப்பொடியையும், எப்போதாவது கிடைக்கிற செப்புக்காசையும், அறுந்த மூக்குத்தித் திருகையும் விற்றுக் கஞ்சி குடிக்கிறவர்கள். மேடு அவர்களுடையதில்லை. பட்டா காசுவீட்டு மிராசுதார் சிவக்கொழுந்து பேரில் இருந்தது. இத்தனை வருஷமும் அவர் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது, மணல்தானே. ஆனால் இப்போது மணலுக்குத்தான் விலை. லாரி வைத்து மேட்டையே வாரிக்கொண்டு போக ஒரு கம்பெனி வந்து பேசிவிட்டுப் போயிருந்தது.

சிவக்கொழுந்துக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, பழங்காசு உண்டு. வீட்டுக்கே அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு தோதகத்தி மர அலமாரி நிறையக் காசு வைத்துக்கொண்டு, தினமும் ஒரு தட்டை உருவி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார்.

"அய்யா, மேட்டை எங்களுக்கே குடுத்துடுங்க" என்றாள் மருதாயி. அவளுக்கு நாற்பத்தேழு வயது. வெயிலிலும் தண்ணீரிலும் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வழவழத்துப் போயிருந்தது. பின்னால் அவள் நாத்தனார் சிட்டம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடுக்கலாமே. என்ன தருவே?"

முற்றத்தில் போஸ்ட்மாஸ்டர் இருந்தார், ஓடக்காரர் தவசி இருந்தார், கம்பெனி ஏஜெண்டு இருந்தான். நாலு பேர் இருந்தால் சிவக்கொழுந்துக்கு வேடிக்கையாகப் பேச வரும்.

"இருபத்தொரு தங்கக் காசு கொண்டா. பொடி வேணாம், உருக்கினது வேணாம், முழுசு முழுசா பழங்காசு. ஆடி முடியறதுக்குள்ள இந்த மேஜையில வச்சியானா மேடு உனக்கு."

ஏஜெண்டு வாய்விட்டுச் சிரித்தான். மருதாயி சிரிக்கவில்லை.

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"போஸ்ட்மாஸ்டர் சாட்சி, போ."

"அவருக்குக் கிண்டல், அண்ணி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் சிட்டம்மா. "கிண்டலோ நெசமோ, நாலு பேர் முன்னால சொன்னது சொன்னதுதான்" என்றாள் மருதாயி.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஆறு திரும்பியது.

சத்தம் ஒன்றும் இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் சோப்பு நுரை கிழக்கே போய்க்கொண்டிருந்தது, ஒரு நொடி யோசித்தது, பிறகு மேற்கே போனது. படித்துறையில் கால் நனைத்துக்கொண்டிருந்த எருமைகள் எழுந்து, திரும்பி, மறுபடி உட்கார்ந்துகொண்டன. ஓடக்காரர் தவசி நடு ஆற்றில் துடுப்பை மாற்றிப் போட்டு, கரைக்கு வந்து, ஓடத்தைக் கட்டிவிட்டு, மேலே போகக் கூலி எவ்வளவு, கீழே போக எவ்வளவு என்று எழுதியிருந்த பலகையில் இரண்டையும் அழித்து இடம் மாற்றி எழுதினார். மத்தியானம் பொதுப்பணித்துறைக்காரர் வந்து அளவுகோலை இறக்கிப் பார்த்தார். அவருடைய பதிவேட்டில் தண்ணீர் எவ்வளவு என்று எழுதத்தான் கட்டம் இருந்தது, எந்தப் பக்கம் போகிறது என்று எழுத இல்லை. ஆகவே எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அஸ்தி கரைக்க வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று திகைத்தபோது குருக்கள் சற்றே கண்ணை மூடி, "மலையும் புண்ணிய ஸ்தலந்தான்" என்று சொல்லி, மேற்கே திருப்பி நிற்க வைத்தார். மூன்றே நாளில் ஊர் பழகிவிட்டது. பழக முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தட்டாந்துறையில் மொத்தம் ஐந்து துறைகள். ஆறு வருகிற பக்கம் முதல் துறை பெரிய வீட்டுக்காரர்களுக்கு. அவர்கள் குளித்த தண்ணீர் அடுத்த துறைக்கு, அங்கே குளித்தது அதற்கடுத்த துறைக்கு என்று இறங்கி இறங்கி, ஊரே குளித்து, துவைத்து, மாடு கழுவி முடித்த தண்ணீர் கடைசியில் மணல்மேட்டுக்கு வரும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. தண்ணீர் அப்படித்தான் ஓடியது. இப்போது தண்ணீர் இப்படி ஓடியது. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து கலங்கலையே குடித்த மணல்மேட்டுக்காரர்கள், கடலிலிருந்து வந்தும் உப்புக் கரிக்காத கண்ணாடி மாதிரி தண்ணீரில் தங்கள் கால்விரலைத் தாங்களே பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அவர்கள் குளித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ஐந்தாம் நாள் காலை பெரிய வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பித்தளைக் குடத்தோடு மேட்டுக்கு வந்து, எங்கோ பார்த்தபடி, "ஒரு குடம் மொண்டுக்கலாமா?" என்று கேட்டார்கள். சிட்டம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. மருதாயி அவள் கையை அழுத்திவிட்டு, "மொண்டுக்குங்கம்மா, வழுக்கும், பாத்து" என்றாள். சொல்லிவிட்டு, குனிந்து தட்டை ஆட்டும்போது அவள் நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதுமட்டுமில்லை, ஆறு வெறுங்கையோடும் திரும்பவில்லை. இத்தனை காலம் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது. முதலில் வந்தவை லேசானவை: போன வருஷத்து ஆடிப்பெருக்குக் காதோலையும் கருகமணியும் மஞ்சள் கயிறும், ரப்பர் செருப்பும், மூக்குக் கண்ணாடியும், ஒரு தொட்டிலும். பிறகு கப்பல் ஆணி வந்தது. நங்கூரம் போட்ட பித்தளைப் பொத்தான்கள் வந்தன, பச்சைக்கண்ணாடி மணி வந்தது, தாயக்கட்டை வந்தது, பூட்டைத் தொலைத்த சாவிகள் வந்தன. பிறகு செப்புக்காசும் ஈயக்காசுமாக வந்தன. எல்லாம் மணல்மேட்டு வளைவில் தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் படிந்தன. தங்கம் மட்டும் வரவில்லை. கனமான பொருளைத் தூக்கிக்கொண்டு மேடேற ஆற்றுக்கும் முடியவில்லை என்று தவசி சொன்னார்.

"ஈயத்தையும் பித்தளையையும் வச்சு என்ன பண்றது அண்ணி? அவர் கேட்டது தங்கம்" என்றாள் சிட்டம்மா.

"சும்மா சலி. ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்குறதுதானே உலகம்."

பழைய இரும்புக்கடைக்காரன் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று தராசோடு வந்தான். மருதாயி தராசைத் திருப்பி அனுப்பினாள். எட்டாம் நாள் ஒரு தகரப்பெட்டியோடும் பூதக்கண்ணாடியோடும் ஓடத்திலிருந்து இறங்கினார் கனி ராவுத்தர். ஊர் ஊராகப் போய்ப் பழங்காசு வாங்கி விற்பவர். வெள்ளைத் தாடி, மூன்று முறை தைத்த செருப்பு. பொய் சொல்லத் தெரியாததால் பணக்காரராகாத வியாபாரி. ஈயக்காசுகளைக் கண்ணாடியில் பார்த்தவர் ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஆத்தா, இதெல்லாம் ஏழை ஜனங்க புழங்கின காசு. தங்கத்தை ராஜா பெட்டியில வச்சுப் பூட்டினான், அது தங்கிடுச்சு. ஈயத்தை யாரு வச்சுக் காப்பாத்தினா? அதான் இது இப்ப கிடைக்கிறதே இல்ல. என்ன வேணும், சொல்லு."

"தங்கக் காசு."

"நோட்டாத் தரேனே?"

"நோட்டு வேணாம் ராவுத்தரே. பழைய தங்கக் காசு. முழுசா."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "தனித்தனியா இருந்தா இது கூழாங்கல்லுதான். மீன், ஆமை, யானை, சங்குன்னு ஒரு ராஜா அடிச்ச எட்டும் ஒரு வரிசையாச் சேர்ந்தா, ஒரு வரிசைக்கு ஒரு தங்கக் காசு வாங்கித் தரேன். அது என் பொறுப்பு."

அன்றைக்கு ஆரம்பித்தது. மருதாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கட்டைவிரல் தெரியும். தேய்ந்து மொழுக்கையான காசைக்கூட ஒரு தடவு தடவி, இது மீன், இது யானை, இது ஆமை என்று சொல்லிவிடுவாள். நாற்பது குடும்பமும் சலித்ததை அவள் முன்னால் கொண்டுவந்து கொட்டியது. அவள் தரம் பிரித்தாள். ஆனால் ஆறு எல்லாவற்றையும் அவளிடமே தரவில்லை. மற்ற துறைகளிலும் குளிக்கிறவர்கள் காலில் தட்டுப்பட்டதையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. டீக்கடையில் பலகாரம் வைக்கிற கண்ணாடி அலமாரியில் சாவிகளை அடுக்கியிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் நங்கூரப் பொத்தான் சேர்த்தார், அதைச் சட்டையில் தைத்துக்கொண்டு தபால் கொடுத்தார். குருக்கள் தாயக்கட்டை சேர்த்தார், ஏனென்று கேட்டவர்கள்மேல் கோபப்பட்டார். மருதாயி ஞாயிற்றுச் சந்தையில் ஒரு சிவப்புத் துணியை விரித்து உட்கார்ந்தாள்.

"மருதாயி, நங்கூரத்துல கயிறு சுத்தின பொத்தான் ஒண்ணு உன்கிட்ட இருக்காமே?" என்று வந்தார் போஸ்ட்மாஸ்டர்.

"இருக்குங்க. உங்க வீட்டுல சங்கு போட்ட ஈயக்காசு ஒண்ணு சும்மா கெடக்குதாமே?"

"அதையா? பேப்பர் பறக்காம வச்சிருக்கேன்."

"பேப்பருக்குக் கூழாங்கல்லு தரேன். பொத்தானும் தரேன்."

இப்படித் தாயக்கட்டையைக் கொடுத்துக் குருக்களிடம் ஆமையை வாங்கினாள். பச்சைமணி கொடுத்துப் பெரிய வீட்டுப் பெண்களிடம் யானையை வாங்கினாள். ஐந்தாறு சாவி கொடுத்து டீக்கடைக்காரரிடம் வேல் போட்ட காசை வாங்கினாள். யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருத்தரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்து வீட்டுக்குப் போனார்கள். வரிசை சேரச் சேர ராவுத்தர் அதை எடுத்துக்கொண்டு போவார், இரண்டு நாளில் வருவார், பட்டுத்துணியைப் பிரித்து வரிசைக்கு ஒன்றாகத் தங்கக் காசை அவள் உள்ளங்கையில் வைப்பார். ஒன்று, மூன்று, ஏழு, பன்னிரண்டு. அவள் அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கனத்தோடேயே ஆற்றில் இறங்குவாள். ஆடிப்பெருக்கன்று பெண்கள் ஆற்றில் விட்ட தீபங்களெல்லாம் மலையைப் பார்த்துப் போனபோது அவளிடம் பதினாறு இருந்தது. ஆடி இருபத்தேழில் இருபது.

அன்றைக்கு ராவுத்தர் பட்டுத்துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"இனிமே இல்ல ஆத்தா. நான் வாங்குற இடத்துல இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது அவரு தாத்தா கழுத்துல தொங்கினது. ரெண்டு பாய்மரக் கப்பல் போட்ட ஈயக்காசு கொண்டாந்தாத்தான் அதைக் குடுப்பாராம். முப்பது வருஷமாத் தேடுறாராம்."

"யாரு அவரு?"

"அதை மட்டும் கேக்காதே. தொழில்ல சொல்லக் கூடாது."

மருதாயி அதற்குமேல் கேட்கவில்லை. தாத்தா தங்கக் காசு, முப்பது வருஷத் தேடல், போய்வர இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு ராவுத்தர் ஒரு தடவைகூட ஓடம் ஏறாமல் ஊருக்குள்ளேயே நடந்துபோன விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். அவளுக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"என்ன அண்ணி?" என்றாள் சிட்டம்மா.

"ஒண்ணுமில்ல. கப்பலைத் தேடு."

நாற்பது குடும்பமும் கப்பலைத் தேடியது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மீன் வந்தது, யானை வந்தது, பொத்தான் மூட்டையாக வந்தது, கப்பல் வரவில்லை. முப்பதாம் தேதி மூன்று லாரிகள் வந்து கரையில் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். மறுநாள் ஆடி கடைசி. உச்சிவெயில் நேரத்தில் ஆறு நின்றது. மேற்கேயும் போகாமல் கிழக்கேயும் போகாமல், தெப்பக்குளம் மாதிரி, ஒரு இலைகூட நகராமல் நின்றது. எல்லாரும் கரையேறிவிட்டார்கள். மருதாயி மட்டும் இடுப்புத் தண்ணீரில் நின்றாள். நிற்கிற தண்ணீரில் மண்ணைக் கலக்கினால் எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கும் என்று அவள் கட்டைவிரலுக்குப் பட்டது. காலால் துழாவினாள். ஒரு தட்டு அள்ளினாள். ஆட்டினாள். மண் வழிந்தது. அடியில் வழவழவென்று கறுப்பாக ஒன்று. தடவினாள். ஒரு மரம். பக்கத்தில் இன்னொரு மரம். கீழே தொட்டில் மாதிரி ஒரு வளைவு.

அவள் கரையேறி முடிப்பதற்குள் ஆறு ஒரு பெருமூச்சு விட்டு, கிழக்கே திரும்பி, பழையபடி கடலுக்குப் போனது.

ஈரச்சேலையோடு அவள் நடந்தாள். பின்னால் மணல்மேடு முழுக்க நடந்தது. வழியில் தவசி சேர்ந்துகொண்டார், டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், போஸ்ட்மாஸ்டர் பொத்தான்கள் மின்ன வந்தார். காசுவீட்டு முற்றம் கொள்ளவில்லை. மேஜையில் கம்பெனிப் பத்திரம் விரித்திருந்தது. சிவக்கொழுந்து பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மருதாயி பத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுருக்குப்பையைப் பிரித்து, தங்கக் காசுகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.

மூன்றாவது காசு விழும்போதே சிவக்கொழுந்தின் முகம் மாறிவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்றைத் தூக்கித் திருப்பினார். பெற்றவன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வதுபோல அவருக்கு ஒவ்வொரு காசின் கீறலும் தெரியும்.

"இது என் காசு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"திருட்டு!" என்று எழுந்தான் ஏஜெண்டு. "போலீசைக் கூப்பிடுங்க. மண்ணு சலிக்கிறவளுக்குத் தங்கக் காசு எங்கேருந்து வரும்?"

சிட்டம்மா அண்ணியின் ஈர முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டாள். மருதாயி சிவக்கொழுந்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அய்யாவே சொல்லட்டும். இது உங்க வீட்டுலேருந்து திருடினதா, நீங்க குடுத்ததா?"

சிவக்கொழுந்து கூட்டத்தில் தேடினார். தூணோரமாக ராவுத்தர் நின்றார். ராவுத்தர் ஆமென்று தலையை அசைத்தார். மிராசுதார் மேஜையைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், மேடும் மிஞ்சும், தங்கமும் மிஞ்சும், ஈயமும் மிஞ்சும். அது அவருக்கும் தெரிந்தது, முற்றத்துக்கும் தெரிந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றார் கடைசியில். "ஈயத்துக்கு மாத்தா, நானே என் கையால எடுத்துக் குடுத்தேன்."

பிறகு விரலால் தடவித் தடவி எண்ணினார். "இருபது. ஒண்ணு குறையுது மருதாயி."

"தெரியும் அய்யா." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையை நீட்டினாள். ஈரம் காயாத கறுப்பு ஈயம். இரண்டு பாய்மரம்.

சிவக்கொழுந்தின் கை தானாக நீண்டது. மருதாயி விரலை மூடிக்கொண்டாள்.

"என்ன... என்ன வேணும்?" அவருடைய குரல் பசித்தவன் குரல்.

"ஒரு தங்கக் காசு."

அவர் உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வெளியே வந்து, தாத்தா கழுத்தில் தொங்கின காசை அவள் கையில் வைத்தார், கப்பலை எடுத்துக்கொண்டார். மருதாயி அந்தக் காசை ஒரு கணம்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. இருபதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இருபத்தொண்ணு."

சிரித்தது முதலில் தவசி. அப்புறம் குருக்கள். அப்புறம் முற்றமே சிரித்தது. அது யாரையும் குத்துகிற சிரிப்பில்லை, அடைமழை விட்டபிறகு வெளியே வருகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. சிவக்கொழுந்துக்கும் வந்துவிட்டது.

"என் காசை வச்சே என் மேட்டை வாங்கிட்டியே."

"எங்க ஈயத்தைத்தானே அய்யா வாங்கினீங்க. உங்க காசு உங்ககிட்டயே வந்துடுச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத்தான் நஷ்டம்!" என்று கத்தினான் ஏஜெண்டு. சாயங்காலத்துக்குள் லாரிகள் காலியாகத் திரும்பிப் போயின.

பத்திரம் மருதாயி பேருக்கு என்றார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது பேரையும் எழுது என்றாள். பதிவு அலுவலகத்தில் அத்தனை பேருக்கு இடமில்லை என்று குமாஸ்தா சொன்னதும், "தாள் வாங்கித் தரேன், ஒட்டு" என்றாள். ஒட்டினார்கள். நாற்பது கட்டைவிரல் ரேகையும் வரிசையாக விழுந்தன.

மேட்டில் அதுவரை எந்தக் குடிசைக்கும் கதவு கிடையாது. சாக்குப் படுதாதான். கதவு வைத்தால் நிலையாகத் தங்கிவிடுவார்கள் என்று காசுவீட்டுப் பழைய காரியஸ்தர்கள் யாரையும் வைக்க விட்டதில்லை. ஆகவே பத்திரம் கைக்கு வந்ததும் மேட்டுக்காரர்கள் சுவர் எழுப்பவில்லை, கூரை மாற்றவில்லை, முதலில் கதவு வாங்கினார்கள். மிஞ்சிய மணியையும் பொத்தானையும் கொடுத்து, ஊரில் இடித்த பழைய வீடுகளின் கதவுகள் நாற்பத்துச் சொச்சம் வாங்கி, தவசியின் ஓடத்தில் நிற்க வைத்துக் கொண்டுவந்தார்கள். யானை நுழைகிற கதவும் இருந்தது, குனிந்து போகிற கதவும் இருந்தது. கதவுக்கு ஏற்றபடி வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். மருதாயி எடுத்தது நடுத்தரமான ஒன்று, தாமரை செதுக்கிய வேப்பமரக் கதவு. அதைப் பொருத்தி முடித்த அன்று மத்தியானம் உள்ளே போய்ச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

மேட்டில் கதவு தட்டப்பட்டது அதுவே முதல் தடவை. வெளியே பேச்செல்லாம் நின்றுபோனது தெரிந்தது. தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. மருதாயிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. அவள் தலையைத் தட்டி முடிந்துகொண்டாள். சேலையைச் சரிசெய்தாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு, உள்ளே இருந்தபடியே, சாவகாசமாகக் கேட்டாள்:

"யாரது?"

"நான்தாம்மா, சிவக்கொழுந்து" என்றது வெளியே குரல். "ஆமை போட்ட காசு ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ள வரலாமா?"

"இருங்க" என்றாள் மருதாயி. "தொறக்கறேன்."